மெயிலை அழித்தால் ஏரி நிரம்புமா?

2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வறட்சி. தண்ணீரை மிச்சம் பிடிக்க மக்கள் என்னென்ன செய்யலாம் என்று அந்நாட்டின் தேசிய வறட்சிக் குழு ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒழுகும் கழிப்பறைத் தொட்டியைச் சரிசெய்யுங்கள், பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடியுங்கள். இந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது: பழைய மெயில்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள். டேட்டா சென்டர்களைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏராளமாகத் தேவைப்படுகிறதாம்.

பலரும் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாக ஜனவரி முதல் தேதியன்று உட்கார்ந்து மெயில் பெட்டியைத் துடைத்து வருகிறவன் நான். வங்கி விளம்பரம், எப்போதோ போன ரயிலின் டிக்கெட், ஒரே ஒரு தடவை செருப்பு வாங்கிய கடையின் தள்ளுபடி அறிவிப்பு எல்லாவற்றையும் அழித்து முடித்ததும் மரக்கன்று நட்ட மாதிரி ஒரு நிறைவு வரும். இந்தத் துப்புரவுக்கென்றே ஆண்டுதோறும் மார்ச்சில் உலக அளவில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது பூமிக்கு எவ்வளவு நல்லது என்று ஒருநாள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

சர்வரில் ஓடும் 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க் சுமார் 8 வாட் எடுக்கும். ஒரு கோப்புக்கு மூன்று நகல், குளிரூட்டல், இதர செலவு என்று தாராளமாக ஆறு மடங்காக்கினாலும் 1 ஜிபியை ஒரு வருஷம் வைத்திருக்க 21 வாட்-மணி மின்சாரம் போதும். 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி உள்ள போனை ஒரு தடவை முழுதாகச் சார்ஜ் போட, சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்து, 25 வாட்-மணி ஆகும். வீட்டிலிருக்கும் பழைய 75 வாட் சீலிங் ஃபேன் அதே மின்சாரத்தில் இருபது நிமிஷம் ஓடும். ஆக, 10 ஜிபி மெயிலை நான் அழித்தால் ஒரு வருஷத்துக்கு மிச்சமாவது ஒரு மத்தியானத் தூக்கத்துக்கு ஃபேன் ஓடிய கணக்கு. அதுவும் காகிதத்தில்தான். என் மெயில் போனதற்காக டிஸ்க் நின்றுவிடாது. காலியான இடத்தில் வேறு யாருடைய கல்யாண வீடியோவோ வந்து உட்காரும். இதற்காக மூன்று மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேனே, அதிலேயே மிச்சத்தில் பாதி போய்விட்டது.

மெயிலை அழித்தால் பூமிக்கு நல்லது என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2010ல் மைக் பெர்னர்ஸ்-லீ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், வாழைப்பழத்திலிருந்து போர் வரை எதற்கு எவ்வளவு கார்பன் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் சாதாரண மின்னஞ்சலுக்கு 4 கிராம் என்று போட்டிருந்தார். 2019ல் அங்குள்ள ஒரு மின்சார நிறுவனம் இந்த மாதிரிக் கணக்கை வைத்து, நாட்டில் ஆளுக்கு ஒரு 'நன்றி' மெயிலைத் தினமும் குறைத்தால் வருஷத்துக்கு 16,433 டன் கார்பன் மிச்சம் என்று பிரசாரம் செய்தது. கடைசி இலக்கம் வரை துல்லியம்! அது உத்தேசக் கணக்குதான் என்று பெர்னர்ஸ்-லீயே பிறகு சொல்லிவிட்டார். அதே 2019ல் பிரான்ஸின் ஷிஃப்ட் புராஜெக்ட் அமைப்பு, அரை மணி நேரம் ஆன்லைனில் படம் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு குண்டைப் போட்டது. பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டதில் கணக்கு எட்டு மடங்கு எகிறியிருந்தது. திருத்தினார்கள்; ஆனால் பரவியது முதல் எண்தான். சர்வதேச எரிசக்தி முகமை 2020ல் கணக்கிட்டபோது ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம்தான் வந்தது.

இதை ஒரு ஒப்பீட்டில் பார்க்கலாம். மின்வாரிய அலுவலகம் 10 கிலோமீட்டரில் இருக்கிறது, பைக்கில் போய் வரிசையில் நின்று கரண்ட் பில் கட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல், 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 36 கிராம் கணக்கில் அதற்கு 28 மணி நேரம் படம் பார்க்கலாம். நம் ஊர் நிலக்கரி மின்சாரத்தை மனத்தில் வைத்துப் பாதியாக்கினாலும் 14 மணி நேரம். பில்லை போனில் கட்டியவர் சுற்றுச்சூழலுக்குச் செய்த உபகாரம், அவர் வருஷம் முழுக்க அழிக்கும் மெயிலைவிடப் பெரிது. டிஜிட்டல் பழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த வரவுப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் பெரிய கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். 'ஒரு தடவைக்கு இவ்வளவுதான்' என்பது அவர்களுக்கும் பிடித்தமான வாதம். ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுத்தில் ஒரு கேள்வி கேட்டால் 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும், அதாவது ஐந்து சொட்டு, செலவாகும் என்று கூகுள் 2025ல் சொன்னது. மின் நிலையத்தில் செலவாகும் தண்ணீர் அந்த ஐந்து சொட்டில் சேரவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதைவிட முக்கியம், அதே கூகுளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை. கம்பெனியின் மொத்தக் கார்பன் வெளியீடு 2019ஐவிட 48 சதவீதம் கூடியிருந்தது. சொட்டு சிறுத்துக்கொண்டே போகிறது, வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865லேயே எழுதினார். உலக டேட்டா சென்டர்கள் 2024ல் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட்-மணி, உலகத் தேவையில் ஒன்றரை சதவீதம். 2030க்குள் இது 945ஐத் தொடும் என்பது எரிசக்தி முகமையின் மதிப்பீடு. நான் மெயிலை அழித்தாலும் அழிக்காவிட்டாலும் அந்தக் கோடு மேலே போகும்.

தண்ணீர் விஷயத்தில் தனிமனித யோசனை இன்னும் பொருந்தாமல் போகிறது. மின்சாரம் எங்கிருந்தும் வரலாம்; தண்ணீர் அந்தந்த ஊர் தண்ணீர். இந்தியாவில் டேட்டா சென்டர்களுக்கு மும்பைக்கு அடுத்த ஊர் சென்னை. கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். 2019 கோடையில் இதே நகரத்தின் ஏரிகள் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தண்ணீரை ஆவியாக்கி டேட்டா சென்டரைக் குளிர்வித்தால் கரண்ட் மிச்சம், தண்ணீர் செலவு. மூடிய குழாய்ச் சுற்றிலும் காற்றிலும் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சம், கரண்ட் கூடுதல். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஊரார் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சென்டரும் மின்சார, தண்ணீர்க் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2024 முதல் விதி இருக்கிறது. இங்கே கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான். குடிமக்களின் இன்பாக்ஸைத் துழாவுவது அதிகாரிகளுக்குச் சுலபமான வேலை.

அப்படியானால் நம் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது கையிலேயேதான் இருக்கிறது.

தினமும் ஒரு தடவை முழுச் சார்ஜ் போட்டால் போன் வருஷத்துக்கு 9 யூனிட் எடுக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருஷத்துக்கு ஆறரைக் கிலோ என்று வையுங்கள். ஆப்பிள் நிறுவனமே வெளியிடும் அறிக்கைகளின்படி ஒரு ஐபோனின் வாழ்நாள் கார்பன் ஏறத்தாழ 60லிருந்து 70 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கு உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எட்டு வருஷச் சார்ஜுக்கான புகை கக்கியாகிவிட்டது. ராத்திரி சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கிறோமே, நல்லதுதான், வைக்கலாம். ஆனால் மூன்றாம் வருஷம் போனை மாற்றுகிறவர் ஆயுள் முழுக்கப் பிடுங்கி வைத்தாலும் கணக்கு நேராகாது.

போன வருஷம் என் அத்தையின் போன் தொங்க ஆரம்பித்தது. நான்கு வருஷப் போன். காண்பித்த ஒரு சர்வீஸ் சென்டரில் 'போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க' என்று சொல்லிவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த ஒரு பையனிடம் கொண்டுபோனேன். அத்தையும் கூட வந்தார். பையன் பின்பக்கத்தைச் சூடுகாட்டி, கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லை மாதிரி ஒன்றை விளிம்பில் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். மூடி கழன்றது. உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

"போர்டுல ஒண்ணும் இல்லம்மா. பேட்டரி போயிருக்கு. மெமரியும் ஃபுல்லு, அதான் தொங்குது."

"நாலு வருஷம் ஆச்சேப்பா, மாத்திடலாம்னு சொன்னாங்க."

"எதுக்கும்மா மாத்தணும்? குட்மார்னிங்கை அழிங்க, போதும்."

உள்ளே ஆயிரக்கணக்கில் குட்மார்னிங் படங்கள். பிள்ளையார், ரோஜா, காபி டம்ளர், மறுபடி பிள்ளையார். அத்தை மட்டுமல்ல, இந்தியர்களின் போன்கள் காலை வணக்கப் படங்களால் நிரம்பி நின்றுபோவதை கூகுள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2018ல் அமெரிக்கப் பத்திரிகையிலேயே செய்தியாக வந்தது. அவற்றைத் தேடிப்பிடித்து அழிக்கவே அந்த நிறுவனம் ஒரு செயலியில் வசதி செய்தது. பேட்டரி 1,200 ரூபாய். அழிக்க ஆன நேரம், அத்தை ஒவ்வொரு பிள்ளையாருக்கும் தயங்கியதையும் சேர்த்து, ஒரு மணி நேரம்.

அழிக்கும் பழக்கத்துக்கு நான் முழு மார்க் கொடுக்கும் இடம் இதுதான். எங்கோ இருக்கும் சர்வருக்காக அழித்தால் அது பாவ மன்னிப்புச் சடங்கு; கையிலிருக்கும் போனுக்காக அழித்தால் அதன் ஆயுள் நீளும்.

ஆனாலும் எல்லாச் சாதனமும் பேட்டரியால் சாவதில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு பொதுவில் முடிந்தது. அடுத்த பதிப்புக்கு மாற முடியாத கம்ப்யூட்டர்கள் 24 கோடி வரை இருக்கும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. திருகாணி கூடத் தளராத பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்ப ஒரு அறிவிப்பு போதும். 24 கோடி கம்ப்யூட்டர்களை உருவாக்க ஆன உலோகத்துக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எத்தனை மெயிலை அழிப்பது?

காயலான் கடைக்குப் போனபின் நடப்பது வேறு கதை. 2022ல் உலகம் தூக்கியெறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்தின் ராமகங்கை ஆற்றங்கரையிலும் போய்ச் சேர்கிறது. செம்புக்காக ஒயரை எரிப்பதும், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் முக்குவதும் அங்கே பிழைப்பு. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்தான் பொறுப்பு என்கின்றன. விதி நல்ல விதி. ஆனால் கழிவாக மாறிய பிறகுதான் அது வேலையை ஆரம்பிக்கிறது.

கழிவாகாமல் தடுக்கும் விதி ஐரோப்பாவில் வந்துவிட்டது. 2025 ஜூன் முதல் அங்கே விற்கும் போன்களுக்கு, விற்பனை நின்றபின் ஏழு வருஷம் வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு குறைந்தது ஐந்து வருஷம் தர வேண்டும். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தார்கள். ஒரு போனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடுவதற்கு 2024ல் குழு அமைத்தார்கள். அந்த மதிப்பெண் பெட்டியின் மேல் விலைக்குப் பக்கத்தில் அச்சாகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். போன் மெதுவாகிவிட்டது என்று அடுத்த முறை கடைக்குப் போனால், புது மாடல் என்ன விலை என்று கேட்பதற்கு முன் பேட்டரி என்ன விலை என்று கேளுங்கள்.