விட்டுவிடு என்றவர்களும் விடாத கருப்பும்

இந்திரா சௌந்தர்ராஜனை 'அமானுஷ்யக் கதை எழுதுறவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகர்வது நம் இலக்கிய வட்டத்தின் பழக்கம். அவருடைய நல்ல கதைகளில் பயமுறுத்துவது பேய் இல்லை, பாக்கி இருக்கும் கணக்கு என்பது என் கட்சி. யாரோ எப்போதோ செய்த தப்புக்கு, என்றைக்காவது ஒருநாள் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அவ்வளவுதான் அவருடைய திகில்.

1958-ல் சேலத்தில் பிறந்தவர். மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10 அன்று அங்கேயே மறைந்தார். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய மாத நாவல்கள், பத்திரிகைத் தொடர்கள், டிவி என்று ஓயாமல் எழுதினார். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர்கள் அவரைப் புத்தகமே வாங்காத வீடுகளுக்கும் கொண்டுபோயின.

அதில் ஒன்று 'விடாது கருப்பு'. மூல நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பா'. இரண்டு தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது கெஞ்சல், இரண்டாவது தீர்ப்பு. கெஞ்சுகிறவன் யார்? தப்பு செய்தவன். ஊரில் தப்பு செய்கிறவர்கள் வரிசையாகச் சாகிறார்கள், கருப்புதான் தண்டிக்குது என்று ஊர் நம்புகிறது, வெளியூரிலிருந்து வந்த டாக்டருக்கு நம்ப முடியவில்லை. பயம் எல்லாருக்கும் சமமாக இல்லை. அவரவர் குற்றத்தின் அளவுக்குத்தான். இதைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய சாதனை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதுசில்லை. எங்களுக்குக் கருப்பசாமி திகில் பாத்திரமே கிடையாது. வற்றின கண்மாய்க் கரையில், சீமைக்கருவேலத்துக்கு நடுவில், அரிவாளோடு நிற்கிற காவல்காரர். ஆடு களவுபோனால், கடன் வாங்கினவன் இல்லையென்று சாதித்தால், போலீஸில் புகாரை வாங்காமல் அனுப்பினால், கடைசியாக அவர்கிட்ட போய்க் காசு வெட்டிப் போடுவார்கள். எங்க அப்பத்தா ராத்திரியில் அந்த வழியாகத் தனியாக வரும். கேட்டால், "எவன் வீட்டுக் காசைத் தின்னோம், நமக்கென்ன பயம்?" என்று சொல்லும்.

அந்தத் தொடரோடு எனக்குள்ள சண்டையும் இங்கேதான். நெருங்கி முப்பது வருஷம் ஆகப்போகிறது, முடிவைச் சொல்லலாம்: கொன்றது பிளவுபட்ட ஒரு மனம். புதிர் அழகாக அவிழ்கிறது. கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, முன்னாடி விதைத்த ஒவ்வொரு தடயமும் கடைசியில் வேலை செய்கிற நேர்த்தி இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் 'கொன்றது யார்' என்ற கேள்விக்குப் பதில் வந்ததும், 'செத்தவர்கள் செய்த தப்பை வேறு யார் கேட்டிருப்பார்கள்' என்ற கேள்வி ஓரமாகப் போய்விடுகிறது. நியாயம் நோயின் அறிகுறியாகச் சுருங்கிவிடுகிறது. டாக்டரிடம் போக வழி இருந்தவர்களின் முடிவு அது. காசு வெட்டிப் போட்ட கிழவிக்கு அதில் பதில் இல்லை.

சித்தர், நவபாஷாணம் என்று போகும் 'ரகசியம்' வேறு ரகம். அங்கே ரகசியம் என்பது காப்பாற்ற வேண்டிய பொக்கிஷம். கருப்பு கதையிலோ அது வெளியே வந்தே ஆகவேண்டிய குற்றம். முதலாவது பிரமிக்க வைக்கிறது. இரண்டாவதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

2003-ல் ஸ்டீபன் கிங்குக்கு அமெரிக்க தேசியப் புத்தக அறக்கட்டளை பதக்கம் கொடுத்தபோது, விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் கொதித்துப்போய் எழுதினார். கோபமாக இருந்தாலும் அது கவனிப்புதான். நாம் இவருக்கு அஞ்சலி எழுதினோம், 'நைன்டீஸ் கிட்ஸ்' ஏக்கத்தில் தலைப்பு இசையைப் பகிர்ந்தோம். சண்டை போடவில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவரிடம் விஷயம் இருக்கிறது. நாவலை எடுத்து வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் பயம் வருகிறது என்று பாருங்கள். அப்புறம், ஏன் அந்தப் பக்கத்தில் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.