தேய்மானத்தின் விலை

பொத்தான், காஜா இரண்டும் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். தையற்காரர் வாயில் இன்றும் புழங்குகின்றன. ஆனால் பழைய உலோகப் பொத்தான்களைச் சேகரிப்போரின் சொல்லாடலில் தையற்காரருக்கு இடமில்லை. உலோகம் எது, முன்பக்கம் என்ன சின்னம், பின்பக்கம் யார் பெயர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்கிற நாலு கேள்விகளே அங்கு இலக்கணம். இந்த இலக்கணத்தையே ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

அதன் பயனை மறுப்பதற்கில்லை. கோவளம் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்தான். பிறகு அது தகர்க்கப்பட்டது. அந்தச் சண்டையில் கிடந்தது என்று எண் பொறித்த பட்டாளப் பொத்தான் ஒன்றை யாராவது நீட்டினால் கதை பொய் என்று அங்கேயே சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் பொத்தானில் தம் எண்ணைப் பொறிக்கும் உத்தரவு 1767இல்தான் வருகிறது. பிரிட்டிஷ் காலாட்படையில் கீழ்நிலை வீரனுக்கு 1855 வரை பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவை, அதன் பிறகே பித்தளை. அதிகாரிக்குத் தங்க முலாமோ வெள்ளியோ. எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் தென்னிந்திய ரயில்வே, 1951இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முந்தியது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் 1947க்கு முன்னால் போக முடியாது. காந்தம் இழுத்தால் உள்ளே இரும்பு, பித்தளை மேல்பூச்சுதான். பின்பக்கம் லண்டன் கம்பெனியின் முகவரி இருந்தால், அது கடை மாற்றிய ஆண்டுகளை வைத்துக் காலத்தை நெருங்கலாம்.

சிக்கல் அடையாளம் காண்பதில் இல்லை, மதிப்பிடுவதில் இருக்கிறது. முலாம் அழியாத அதிகாரிப் பொத்தானுக்கு மவுசு. தேய்ந்ததற்கு விலை இறங்கும். மெருகு போட்டதற்கு இன்னும் இறங்கும். ஆனால் பொத்தான் ஏன் தேய்கிறது? தினம் காலையில் யாரோ ஒருவன் அதைத் துலக்கியிருக்கிறான். தன் சட்டைக்காகச் சிப்பாயோ டவாலியோ. துரையின் கோட்டுக்காக அவருடைய வேலைக்காரன். சின்னத்தின் மேடான பகுதிகள் மழுங்கியிருப்பது அந்தக் கைகளால். லண்டன்காரன் தன் பெயரைப் பின்பக்கம் வெட்டிவைத்துக்கொண்டான். துலக்கியவன் விட்டுப்போன ஒரே பதிவு இந்தத் தேய்மானம். அதைத்தான் சந்தை 'குறை' என்கிறது! உடையில் இருந்த படிநிலை, உடுத்தியவர்கள் செத்த பிறகும் விலைப்பட்டியலில் உயிரோடிருக்கிறது.

இதற்கும் கீழே ஒரு படி உண்டு. கோவளத்துக்குக் கிளைவோடு போனவர்கள் புதிதாகச் சேர்த்த ஐரோப்பியர் சுமார் 200 பேர், சிப்பாய்கள் சுமார் 500 பேர். சென்னைச் சிப்பாய்கள் ஒழுங்கான பட்டாளங்களாக்கப்பட்டது 1750களின் கடைசியில்தான். அதுவரை பெரும்பாலும் சொந்த உடையோடுதான் சண்டை. தேய்வதற்குக்கூட ஒரு பொத்தான் இல்லாதவர்கள் அவர்கள். எந்தச் சேகரிப்பிலும் அவர்கள் வரப்போவதில்லை. பிறகு சீருடை வந்தபோது அதோடு கட்டளையும் வந்தது. நெற்றிக் குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி, புதுத் தலைப்பாகையை வை என்றார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். சீருடை வெறும் துணி அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பொத்தான் சேகரிப்பதே மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. காயலான் கடையில் பித்தளை விலைக்கு எடை போடப்படும் போலீஸ், ரயில்வே, பியூன் பொத்தான்கள் உருக்குக்குப் போய்விட்டால் நம் பக்கத்து ஆவணம்தான் அழியும். அவற்றை வாங்குகிறவர்கள் மெருகு போடாமல் வைக்கட்டும். எந்தக் கடை, எந்த ஊர், எந்தச் சட்டையிலிருந்து, உடுத்தியவர் என்ன வேலை, காது ஒடிந்து பற்றவைத்திருக்கிறதா, நூல் எந்த நிறம் என்றெல்லாம் ஒரு சீட்டில் எழுதட்டும். விலைப்பட்டியலில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. கட்டத்தை நாம்தான் போட வேண்டும்.