விஷம் என்றொரு வாசனை

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற கேள்வி தமிழில் மிகப் பழையது. பாண்டியனுக்கு ஐயம் வருகிறது. இறைவன் பாட்டெழுதித் தருமியிடம் கொடுக்கிறான். நக்கீரன் குற்றம் காண்கிறான். குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சுற்றி வளர்ந்த இந்தக் கதையை, 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படம் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அரசன், புலவன், கடவுள் என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். கூந்தலுக்கு உரியவள் மட்டும் அந்த அவையில் இல்லை. உனக்கு எந்த மணம் பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒரு பழைய வாசனைத் திரவியத்தை இங்கே வாசிக்கிறேன். கிறிஸ்டியன் டியோர் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பாய்ஸன்’. உருவாக்கியவர் எத்வார் ஃப்ளேஷியே. ஆப்பிள் வடிவத்தில் கருஊதாக் குப்பி, பெயரோ விஷம். ஏவாளின் கனியும் சூனியக்காரி நீட்டிய கனியும் ஒன்றாகிவிடுகின்றன. பெண்ணின் ஆசை ஆணுக்கு ஆபத்து என்ற பழங்கதையைத்தான் அந்தக் குப்பி விலைக்கு விற்றது.

உள்ளே இருக்கும் மணம் வேறு கதை சொல்கிறது. பூசியதும் கொத்தமல்லி விதையின் காரம், கனிந்த பிளம் பழத்தின் கருத்த இனிப்பு. சற்றுப் பொறுத்தால் சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்து, இன்று சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலாக விளைந்து, நம் கல்யாண மாலையிலும் சாவு மாலையிலும் இடம்பெறும் அதே சம்பங்கி. அதற்கும் அடியில் தேனும் அம்பரும். வாசனைத் தொழிலில் அம்பர் என்பது ஒரு கலவை. லாப்டனம் என்ற பிசின், சாம்பிராணி, வெனிலா போன்றவை சேர்ந்து தரும் வெதுவெதுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குப் புகை போட்டுப் பழகிய மூக்குக்கு இது அந்நியமே இல்லை.

இந்த வகைக்கு முன்பு ‘ஓரியண்டல்’ என்று பெயர். கீழை நாடு என்றாலே மயக்கம், அந்தப்புரம், காத்திருக்கும் பெண் என்ற ஐரோப்பியக் கற்பனை அந்தச் சொல்லுக்குள் இருந்தது. மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021இல்தான் தன் வகைப்பாட்டிலிருந்து அதை நீக்கி ‘அம்பர்’ என்று மாற்றினார். மாறியது நல்லதுதான். ஆனால் நம் சம்பங்கியும் நம் சாம்பிராணியும் சீமைச் சரக்காகவே நம்மிடம் திரும்பி வருவது மாறவில்லை.

எனக்கு இது அறிமுகமானது கிழக்குத் தாம்பரத்தில், அத்தையிடம். துபாயிலிருந்த சித்தப்பா 1980களின் கடைசியில் கொண்டுவந்த குப்பி. சில ஆண்டுகளில் மாமா இறந்தார். பத்தாம் நாள் அத்தையின் பூவை எடுத்தார்கள், பொட்டை எடுத்தார்கள். குப்பியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லை. சம்பங்கியைத் தலையில் வைக்கக் கூடாதவர், சம்பங்கியை மணிக்கட்டில் தடவிக்கொண்டு காலையில் பீச் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினார். “இனிமே யாருக்காக இதெல்லாம்?” என்று வீட்டில் கேட்டார்கள். “எனக்குத்தான்” என்றார்.

பல்லாவரத்தில் ‘பான்ட்ஸ்’ என்றே பேருந்து நிறுத்தம் உள்ள புறநகர் இது. இங்கே பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட மணம் பவுடரின் மணம்: மெலிதாக, சுத்தமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல். பாய்ஸன் அந்த அளவை மீறுகிறது. பூசியவள் வருமுன்னே வந்துவிடும், போன பின்னும் இருக்கும். அமெரிக்காவில் சில உணவகங்கள் அதைப் பூசி வருபவர்களை உள்ளே விட மறுத்ததாகச் செய்திகள் உண்டு. இதைக் குறை என்பவர்கள் சொல்லட்டும். ஒடுங்கி உட்காரப் பழக்கப்பட்டவர்களுக்கு, ஓர் அறையை நிறைத்துப் பார்க்கும் அனுபவம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

இங்கேயே கொண்டாடி முடித்துவிட எனக்கு மனமில்லை. அதே ரயிலில் மீன்கூடையோடு ஒரு பெண் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அவளும் தன் மணத்தால் ஓர் அறையை நிறைக்கிறாள். அதற்கு வசவுதான் கிடைக்கிறது. அடர்ந்த மணத்துக்கான உரிமை பேசும் நாம், உழைப்பின் மணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கிறோமா? துபாயில் ஓர் உறவினர் இருந்ததால்தான் அத்தைக்கு அந்தச் சந்து கிடைத்தது. பக்கத்துத் தெருவில் பூ இழந்த பெண்ணுக்கு அது இல்லை.

வாசனையாக, பாய்ஸன் துணிச்சலான படைப்பு என்றே மதிப்பிடுகிறேன். பெயரில் இருக்கும் பொய்யை மணம் மீறிவிடுகிறது. ஆனால் அது தரும் விடுதலை குப்பியின் அளவுதான்; தீர்ந்ததும் தடை அப்படியே நிற்கும். கணவனை இழந்த பெண்ணின் கையில் ஒரு முழம் பூவைத் திருப்பிக் கொடுக்க நமக்குப் பாரிஸ் தேவையில்லை.