மதிலுக்கு முன் நின்றவர்கள்

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி நம் எழுத்தாளர்கள் ஏடு ஏடாக எழுதிக் குவிக்கிறார்கள். இராசேந்திரன் கங்கை வரை படை நடத்தினான்; தோற்ற மன்னர்தம் தலையில் நீர்க்குடம் ஏற்றினான்; புதுத் தலைநகர் கண்டான்; வானளாவக் கோயில் எடுத்தான்! படிக்கிறோம், பூரிக்கிறோம், ஏட்டை மூடுகிறோம். மூடிய பின்னர்தான் ஐயம் பிறக்கிறது. 1279-ஆம் ஆண்டோடு சோழர் ஆட்சி சாய்ந்ததே, அதன் பிறகு அந்த ஊர் என்ன ஆயிற்று? அங்கே மக்கள் வாழ்ந்தனரா, இல்லையா? விடை கூறும் ஏடு அரிதினும் அரிது.

கட்டுக்கதைக்கு மட்டும் பஞ்சமில்லை. கோயில் வளாகத்துச் சிங்கக் கிணற்றைக் காட்டி, இராசேந்திரன் கங்கை நீரை ஊற்றியது இதில்தான் என்கிறார்கள். அந்தக் கிணற்றிலுள்ள எழுத்தோ 19-ஆம் நூற்றாண்டினது. உடையார்பாளையம் சமீன்தாரின் திருப்பணி என்கிறது. கல்லே வாய்திறந்து சொல்லியும் கதை ஓயவில்லை! கண்ணெதிரே இருப்பதைப் படிக்காதவர்களா, ஆயிரம் ஆண்டுப் பழமையை நமக்குப் படித்துக் காட்டப் போகிறார்கள்?

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினர். கல் தேவைப்பட்டது. கும்பினி ஆட்சியின் கண் இக்கோயிலின்மேல் விழுந்தது. சுற்றுமதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்தனர். சிற்பம் செறிந்த கருங்கற்களையும் விட்டாரில்லை. ஆண்டவன் வாளாவிருந்தான், ஊரார்தாம் தடுத்தனர். படையில்லை, பணமில்லை, பட்டயமில்லை. ஆயினும் இயன்ற மட்டும் தடுத்தனர். கண்ட பயன், அவமதித்த குற்றத்துக்குத் தண்டனை! கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அது காப்பாற்றப்படவே இல்லை என்பதை 1855-இல் வெளிவந்த ஆங்கிலக் குறிப்பொன்றே வருத்தத்துடன் ஒப்புகிறது. தடுத்தவர்களை அக்குறிப்பு ஏழை மக்கள் என்று சொல்லி அமைகிறது, பெயர் தரவில்லை. படையெடுப்புக்கு நூறு பக்கம் ஒதுக்கும் நம் ஆசிரியர்களோ இவர்களுக்கு ஒரு பக்கமும் ஒதுக்குவதில்லை.

அணை கூடாதென்பதன்று நம் வாதம். மதிலாக நின்ற கல் வயலுக்கு நீர் காட்டுவது நல்லதே. எனினும் அந்த நீர் பாய்ந்தது கீழ்ப்புறத்து வயல்களுக்கு. கல்லைப் பறிகொடுத்த ஊருக்கன்று.

அருகே மாளிகைமேடு. 1980 முதல் தமிழகத் தொல்பொருள் துறை அங்கே அகழ்ந்து, சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்களை வெளிக்கொணர்ந்தது. எஞ்சியது குறைவே, வீடு கட்ட ஊரார் செங்கல்லைத் தோண்டி எடுத்துவிட்டனர். அதை அறியாமை என்று ஏசுகிறார்கள் நம் பண்டிதர்கள். ஆட்சி பெயர்த்தால் அணைக்கட்டு, ஏழை பெயர்த்தால் அறியாமையா?

ஏரியைப் பற்றிய மௌனம் இதனினும் கொடிது. இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அப்புகழ்ச்சியை எடுத்தாளாத நூலாசிரியர் இல்லை. அதன் கரை 16 மைல் நீளம் என்று கூறும் அதே 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு, ஏரி பாழாகிக் காடு மண்டிக் கிடந்ததையும் கூறுகிறது. கோயிலுக்குக் கல் வேலி இல்லாவிட்டால் எவர் வயிறும் காயாது. ஏரி தூர்ந்தபோது எத்தனை வயல் தரிசாயிற்று, எத்தனை குடும்பம் ஊர் விட்டுப் பெயர்ந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கும் ஆசிரியரின் நூலைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். இன்று அந்த ஏரிக்குப் பொன்னேரி என்று பெயர்.