எட்டயபுரத்துக்கு ஒரு டிசம்பரில் போய்ப் பாருங்கள்

ஓர் ஊர் தன் பிள்ளையைக் கொண்டாடுவது என்றால் என்னவென்று டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில்தான் பார்த்தேன். திரும்பிய பக்கமெல்லாம் பாரதி! முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து, கறுப்புக் கோட்டுக்குள் பாதி காணாமல் போன குட்டிப் பாரதிகள். ஒரு வாண்டு மேடையேறியதும் பாட்டை மறந்துவிட்டு மீசையை மட்டும் முறுக்கிக் காட்டியது. அதற்கு விழுந்த கைதட்டல் இருக்கிறதே, எந்தப் பட்டிமன்றப் பேச்சாளருக்கும் கிடைத்திருக்காது!

1882-இல் அவர் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறந்த இடத்தில் மார்பளவுச் சிலை, சுவரெங்கும் பழைய படங்கள். சின்னச்சாமி ஐயரின் மகன் சுப்பையா ஓடித் திரிந்த தரை இது. இந்த ஊர் அரசவையில்தான் 11 வயதில் அவனுக்குப் ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்தது. நாம் இன்று வாய் நிறையச் சொல்லும் பெயர் எட்டயபுரம் கொடுத்த பெயர்!

அதே மனிதர் 1919-இல், கடையத்தில் வறுமையில் இருந்தபோது, ஆதரவு கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். பலன் ஒன்றும் இல்லை. அரண்மனை கொடுக்காததைப் பின்னால் ஜனங்கள் கொடுத்தார்கள் என்பதுதான் என்னை உருக்கிய விஷயம். இந்த ஊரில் இருக்கும் பாரதி மணிமண்டபத்தின் கதையே அதுதானே. பாரதி பெயரில் ஒரு வாசகசாலை வேண்டும் என்ற சின்ன ஆசையோடு ஆரம்பித்த காரியம். கல்கி தன் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். எங்கெங்கிருந்தோ பணம் வந்து குவிய, வாசகசாலை மண்டபமாக வளர்ந்தது. காந்தி தமிழிலேயே எழுதி ஆசி அனுப்பினார். 1945-இல் அடிக்கல் நாட்டிய ராஜாஜியே 1947 அக்டோபரில் திறந்தும் வைத்தார். அடிக்கல் நாட்டியபோது அடிமை நாடு, திறந்தபோது சுதந்திர நாடு! பாரதிக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் நினைவாலயம் எழுப்ப முடியும்?

பாரதியைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் இங்கேதான் அடங்கியிருக்கிறார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எட்டயபுரம் சமஸ்தானப் புலவரான கடிகை முத்துப் புலவர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரும் தம்பி பாலுசுவாமியைத் தேடி வந்து, 1835 தீபாவளி நாளில் இந்த ஊரிலேயே கண்மூடினார். அவருடைய சமாதிக்கு முன் பாடாமல் எந்தப் பாடகரால் நகர முடியும்! அவர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்திய சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சேறியதும் இதே எட்டயபுரத்தில். வானம் பார்த்த கரிசல் பூமியில், ஒரு பொழுதில் நடந்து தீர்த்துவிடக்கூடிய சிற்றூரில், இத்தனை பேர்!

கோவில்பட்டியில் ரயிலிறங்கினால் அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அடுத்த டிசம்பர் 11-க்கு இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முண்டாசு கட்டியே கூட்டிக்கொண்டு போங்கள்.