சில்லுகளும் மாணவர்களும்

வெம்பிளி பார்க் நிலையத்தில் இறங்கி விளையாட்டரங்கை நோக்கி நடப்பவர்கள் ஒரு பாலத்தின் கீழால்தான் போகவேண்டும். 1993-ல் காலமான உதைபந்தாட்ட வீரர் பொபி மூரின் பெயரை அந்தப் பாலத்துக்கு வைத்தார்கள். அதே ஆண்டில் அதன் சுவர்களில் வர்ண ஓடுகளால் படங்களையும் பதித்தார்கள். விளையாட்டும் இசையுமாக, வெம்பிளி அரங்குகளில் நடந்தவற்றின் காட்சிகள். 2013-ல் விளம்பரப் பலகைகள் வந்து அவற்றை மூடின. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் வருடக்கணக்காக முறையிட்ட பிறகே சில பகுதிகள் மீண்டும் வெளிச்சம் கண்டன. அந்த வழியால் விடியற்காலை வேலைக்கும் நடுச்சாமம் வீட்டுக்கும் போய்வந்த நாம், பலகைக்குப் பின்னால் படம் இருந்ததை மறந்தே போனோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஓடுகளைப் பேரோவியம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவை ஒரு கேள்வியைக் கிளப்பின: பொதுச் சுவரில் ஒருவன் செய்த வேலையை யார் காப்பது? அந்தக் கேள்வியோடு அதே நிலையத்தில் ஜுபிலி ரயில் ஏறி, பொண்ட் ஸ்ரீற்றில் மாறி, சென்றல் பாதையில் இரண்டாவது தரிப்பில் இறங்கினால் டொட்டன்ஹாம் கோர்ட் றோட். அந்த நிலக்கீழ் நிலையத்தின் சுவர்களைக் கண்ணாடிச் சில்லுகளால் நிரப்பியவர் எடுவார்டோ பாவொலொட்சி.

சிற்பி என்றே அவரை எழுதிவைத்திருக்கிறார்கள். பிரித்தானிய நூலக முற்றத்தில் குனிந்து வட்டாரி பிடித்திருக்கும் அந்தப் பிரமாண்ட நியூட்டன் சிலை அவருடையதுதான். எமக்கு அவருடைய சுவர்களே கிட்டியவை. அதற்கு ஒரு காரணம் அவருடைய கதை.

1924-ல் எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குப் பிறந்தார். பெற்றோர் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார்கள். 1940 ஜூன் 10-ம் திகதி இத்தாலி போரில் இறங்கியது. அன்றிரவே எடின்பரோவில் இத்தாலியர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. (எந்த ஊரில், எந்த ஜூலையில் நாம் இதைப் பார்த்தோம் என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.) பதினாறு வயதுப் பையனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், மூன்று மாதம் இருந்தான். தகப்பனையும் பாட்டனையும் மாமனையும் அரண்டோரா ஸ்ரார் என்ற கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஜூலை 2-ம் திகதி ஜேர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. இறந்தவர்கள் எண்ணூறுக்கு மேல். மூவரும் திரும்பவில்லை.

இப்படியொரு கதை கையில் இருந்தால் எம்மவர் என்ன செய்திருப்போம்? கப்பல் வரைந்திருப்போம், கடல் வரைந்திருப்போம், கடலுக்கு மேலே நீட்டிய கைகள் வரைந்திருப்போம். புகலிட ஓவியக் கண்காட்சிகளில் முள்ளுக்கம்பியும் அழுகிற தாயும் எத்தனை தரம் வந்துவிட்டன! பாவொலொட்சியின் டொட்டன்ஹாம் சுவரில் கப்பல் ஓடவில்லை. அங்கே இருப்பவை சக்சபோன், புகைப்படக் கருவி, பற்சக்கரங்கள், பசு, கோழி, வண்ணத்துப்பூச்சி, ஓடுகிற மனிதன், அருகிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்திலிருந்து இறங்கி வந்ததுபோல எகிப்திய முகங்கள். நிலையத்துக்கு மேலே தெருவில் விற்றதும் வாசித்ததும் தின்றதும் எல்லாம் கீழே சுவருக்கு வந்துவிட்டன. தகப்பனின் கடையில் சிகரெட் அட்டைப் படங்களைச் சேர்த்து வளர்ந்த பையனின் கண் அது.

இத்தாலியன் என்றதும் ரவென்னாத் தேவாலயங்களின் மொசைக்கை இழுத்து அவருக்கு ஒரு பரம்பரை கட்டுவது சுலபம். எமக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய மொசைக் துணியிலிருந்து வந்தது என்பதே எமது எண்ணம். சிலேட் பள்ளியில் படித்து, பாரிசில் இரண்டு வருடம் இருந்து திரும்பியவருக்கு 1949-ல் கிடைத்த வேலை லண்டன் சென்றல் கலைப் பள்ளியில் துணி வடிவமைப்பைக் கற்பிப்பது. துணியில் நடு என்று ஒன்றில்லை. எங்கே வெட்டினாலும் அது துணிதான். டொட்டன்ஹாம் சுவரும் அப்படியே. ரயில் எந்த இடத்தில் நின்று எந்தக் கதவு திறக்கிறதோ அதுவே படத்தின் தொடக்கம். நின்று பார்க்க நேரமில்லாதவனுக்கு, ஓடிக்கொண்டே பார்ப்பவனுக்கு, நெசவு போலப் போட்ட வேலை. கற்பித்த பாடம் முப்பது வருடம் கழித்துச் சுவருக்கு வந்திருக்கிறது.

குறையும் உண்டு. கண்ணுக்கு ஓய்வில்லை. எல்லாச் சில்லும் ஒரே குரலில் கத்துகிற இடங்கள் இருக்கின்றன. 1983-ல் ரெட்டிச் என்ற ஊசி செய்யும் ஊரின் கடைத்தொகுதிக்குச் செய்த மொசைக் பலகைகள் இதைவிட அடக்கமானவை. அந்த ஊரின் தொழிலையே பொருளாக எடுத்ததால் வந்த அடக்கம் அது.

கற்பிப்பது அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கான ஓரத்தொழில் அல்ல. துணிக்குப் பிறகு செயின்ற் மாட்டின்ஸில் சிற்பம், 1960 தொடக்கம் ஹம்பேர்க்கில் (பீற்றில்ஸ் குழுவில் ஆரம்பத்தில் கிட்டார் வாசித்த ஸ்ருவட் சட்க்ளிஃப் அங்கே அவரது மாணவர்), 1968 முதல் ரோயல் கலைக் கல்லூரியில் மட்பாண்டம், பின்னர் கொலோன், கடைசியில் மியூனிச். தகப்பனைக் கொண்டுபோன யுத்தத்தின் மறுபக்கத்து நாட்டில் போய் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதை நாம் சும்மா கடந்துபோக முடியாது.

துக்கம் எங்கே போனது என்று கேட்பவர்கள் எடின்பரோவுக்குப் போகவேண்டும். 1991-ல், ஐம்பது வருடம் கழித்து, லீத்துக்குப் போகும் வீதியின் தலைப்பில் வெண்கலத்தில் ஒரு பெரிய பாதம், ஒரு கணுக்கால், ஒரு கை வைத்தார். மொன்ரே கசினோவின் கையெழுத்துச்சுவடி என்று பெயர். அவரது குடும்பம் விட்டுவந்த கிராமம் அந்த மலைப்பக்கத்தது. முழு மனிதன் இல்லை, பாகங்கள்தான்.

இங்கே இன்னொருவரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே 1924-ல், வடகேரளத்துக் கூத்துப்பறம்பில், தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தபோது 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார். இருவரையும் இளவயதில் உள்ளே தள்ளியது ஒரே அரசுதான். பின்னர் இருவரும் படித்ததும் ஒரே சிலேட் பள்ளி. சுப்பிரமணியன் அங்கே 1955-56-ல் இருந்தார். சாந்திநிகேதனில் வினோத் பிகாரி முகர்ஜியிடம் சுவர்வேலை பழகி, பரோடாவில் நீண்டகாலம் கற்பித்து, 1963-ல் லக்னோ ரவீந்திராலயாவின் சுவரில் ஆயிரக்கணக்கான சுடுமண் ஓடுகளால் தாகூரின் இருட்டறை ராஜாவை எழுப்பினார். 1980-ல் கற்பிக்க மீண்டும் சாந்திநிகேதன். அங்கே கலாபவனத்துக் கட்டடமொன்றைக் கறுப்பு வெள்ளையில் முழுக்கப் போர்த்திய சுவரோவியத்தை மழையும் வெயிலும் தின்றன. 2009-ல் எண்பத்தைந்து வயதில் அந்த மனிதர் சாரத்தில் ஏறித் திரும்பவும் வரைந்தார். பழையதை அப்படியே பார்த்து எழுதவில்லை, புதிதாகவே போட்டார். 2016-ல் காலமானார்.

பாவொலொட்சிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2005-ல் அவர் இறந்தபின், புதிய ரயில் பாதைக்காக டொட்டன்ஹாம் நிலையத்தைப் பெருப்பித்தார்கள். 1980-களில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதி தப்பியது. நூறில் தொண்ணூற்றைந்து பங்கு இருக்கிறது என்று நிர்வாகம் கணக்குச் சொன்னது. ஆனால் படிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்த மொசைக் வளைவுகள் 2015-ல் உடைத்திறக்கப்பட்டன. மக்கள் கையெழுத்துச் சேர்த்தார்கள், கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குரல் கொடுத்தது, நேரம் பிந்திவிட்டது. கணக்கு எமக்குத் திருப்தி தரவில்லை. நிலையத்துக்குள் நுழைபவனை முதலில் வரவேற்றது அந்த வளைவுதான். வீட்டின் வாசற்படியை இடித்துவிட்டு அறையெல்லாம் பத்திரம் என்பது என்ன கணக்கு?

உடைந்தவை குப்பைக்குப் போகாததற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். சிறைக்குப் பிறகு 1943-ல் அவர் படித்த எடின்பரோ கலைக் கல்லூரி, இன்று அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பகுதி, நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கேட்டு வாங்கியது.

இதை எழுதும்போது யாழ்ப்பாணத்து மாற்கு மாஸ்ரர் நினைவுக்கு வருகிறார். பிள்ளைகளைக் கூட்டிவைத்து வரையக் கற்றுக்கொடுத்தவர், 2000-ல் மறைந்தார். அவரது பெயரை இன்று எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவரிடம் வரையப் பழகியவர்களே. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிலோ பரதமும் மிருதங்கமும் பரீட்சையோடு நடக்கின்றன. சித்திரம் என்றால் வர்ணம் தீட்டும் புத்தகம். இந்த ஊரில் கோயில் கட்டினோம், மண்டபம் கட்டினோம். அவற்றின் சுவர்களுக்கு வேண்டியதை ஊரிலிருந்து ஆள் வருவித்துச் செய்விக்கிறோம். வந்தவர் வேலை முடிந்து விமானம் ஏறுகிறார். அந்தச் சுவரில் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தால் தொட்டுச் சரிசெய்யத் தெரிந்த ஒரு பிள்ளைகூட இங்கே இல்லை.

எடின்பரோவில் அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். வளைவு முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சில்லின் பின்பக்கத்தில் சாந்து எப்படிப் பிடித்திருக்கிறது என்பதாவது அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.