நற்செய்தி சொல்லாத புலம்பல்

விவிலியத்தைத் தமிழிற்குக் கொணர்ந்தோருள் மூலத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றவர் ஒரு சாரார். மூலம் வாய் திறவா இடத்திற் புகுந்து பாடியவர் பிறிதொரு சாரார். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு முன்னவர். 1726-இல் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பின்னவர். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லேனும் பேசாத சூசையை வளன் எனப் பெயரிட்டு, 3,615 பாடல்களுக்குத் தலைவனாக்கிய துணிவு முனிவருடையது.

அத்துணிவு தகுமா? ஓரிடத்தைக் கொண்டு நோக்குவோம்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம், திருமுழுக்கு யோவானின் பிறப்பை விரித்துரைத்து, அப்பிள்ளை வெளிப்படும் நாள்வரை வனாந்தரத்தில் இருந்தான் என்று ஒரே தொடரில் முடித்துவிடுகிறது. முதியோர்க்குப் பிறந்த ஒரே மகன் காட்டிற்குப் போனது எங்ஙனம்? தாய் எலிசபெத்து என்னானாள்? மூலத்தில் விடையில்லை. மொழிபெயர்ப்பாளன் இங்கு ஒரு சொல் கூட்டினும் குற்றமாம்.

காப்பியப் புலவர்க்கோ அத்தடை இல்லை. தாயும் மகனும் கானகத்தில் வாழ்கின்றனர், தாய் இறக்கிறாள், கருணையன் என்னும் அச்சிறுவன் தனித்து நின்று அழுகிறான். புலம்பலில் உவமைகள் பல. ஆயினும் நெஞ்சைப் பிணிப்பன அவையல்ல. உணவு தேடும் வகை தெரியவில்லை, காட்டில் நடக்கும் வழி தெரியவில்லை என்று அப்பிள்ளை கலங்கும் இடமே உயிரிடம். ஏனெனில், பின்னாளில் வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும் உண்டு, ஒட்டக மயிராடை உடுத்து வாழ்ந்தவன் இவனே என்று மத்தேயு கூறுகிறார். தாயற்ற பிள்ளை தானே கற்ற உணவன்றோ அது! முனிவரின் கற்பனை மூலத்திற்கு முரணாகவில்லை. மூலத்தின் ஒரு தொடரையும் பிறிதொரு தொடரையும் இணைக்கும் பாலமாகிறது.

குறையும் இல்லாமல் இல்லை. மூலத்தின் வனாந்தரம் வறண்ட நிலம். முனிவர் பாடுவதோ பூத்த மரமும் மலர்ச்சுனையும் நிறைந்த காடு. பறவையும் வண்டும் சிறுவனோடு சேர்ந்து அழுகின்றன. தமிழ்க் காப்பிய மரபு அவரை அவ்வாறு பாடவைத்தது எனலாம். ஆனால், விரியன் குட்டிகளே என்று மக்களைக் கடிந்த அந்தக் கடுங்குரல் விளைந்த நிலம் இவ்வளவு குளிர்ந்ததாக இருந்திருக்க முடியுமா? அழுவதற்கு ஒரு வண்டும் இல்லாத வெறுவெளியில் அச்சிறுவனை நிறுத்தியிருந்தால் துயரம் இன்னும் மிகுந்திருக்கும்.

பெயரிலும் ஒரு நயமுண்டு. மொழிபெயர்ப்பு, யோவான் என ஒலியை மட்டும் காத்தது. கடவுள் அருளினார் என்பது எபிரேயத்தில் அப்பெயரின் பொருள். கத்தோலிக்கர் வழங்கிய அருளப்பர் என்பதும் முனிவர் இட்ட கருணையன் என்பதும் அப்பொருளினின்று பிறந்தவையே. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற இப்புலம்பலைக் கற்பிக்கும் ஆசிரியர், லூக்காவின் அந்த ஒற்றைத் தொடரையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.